அம்சத்தின் வரிசை

பேருந்து தஞ்சாவூருக்குள் நுழைந்ததும் அம்சம் ஜன்னல் வழியே கட்டடங்களுக்கு அங்கிருந்த பழைய வயல்களின் பெயர் சொல்லத் தொடங்கிவிடுவாள். மற்றவர்களுக்கு ஆசிரியர் காலனி என்றால் அவளுக்கு அது வடக்குப் பங்கு. கல்யாண மண்டபம் நிற்பது ஓடைக்கரை வயல். "இதுல நடுறப்ப அட்டை கடிச்சுக் காலு பூசணிக்காயாட்டம் வீங்கிப்போச்சுடி. இப்பப் பாரு, அதே எடத்துல காரு நிக்கிது!"

சொல்வதில் வருத்தம் இருக்காது. மேட்டூர்த் தண்ணீர் பிந்தினாலும் டவுனில் செங்கல் பிந்துவதில்லை. முன்பு தன்னோடு நடவுக்கு வந்த பெண்களையே இப்போது சித்தாள் வேலைக்குத் திரட்டிக்கொண்டு வருகிறாள்.

அன்று ஒரு லாட்ஜின் மாடிக்குத் தளம் போட்டார்கள். கலவைச் சட்டி சாரப்படிகளில் வரிசையாக நின்ற பெண்களிடம் கைக்குக் கை மாறி மேலேறியது. பக்கத்து மைதானத்தில் கட்சிக் கூட்டம். நகரங்கள் வளர்ந்தால்தான் நாடு செழிக்கும் என்று ஒலிபெருக்கி முழங்கியது.

"கேட்டுக்கிட்டீங்களாடி? நாடே நம்ம கையிலதான் இருக்காம். சட்டியக் கீழ போட்டுடாதீங்க" என்றாள் அம்சம்.

எல்லாரும் சிரித்தார்கள். வரிசையில் மூத்தவளான பொன்னுத்தாய் மட்டும் சட்டியை நெஞ்சோடு அணைத்தபடி மூச்சு வாங்கினாள். வரிசை தேங்கியது.

"கலவை இறுகுதுல்ல?" மேஸ்திரி துரைராசு கீழிருந்து கத்தினார். "நாளையிலேருந்து அந்த ஆத்தாவக் கூட்டியாராத, அம்சம்."

பொன்னுத்தாயின் தலை கவிழ்ந்தது. கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்ட வருடம் பண்ணையின் அடியாட்களிடம் அடிபட்டுப் படுத்த அவள் புருஷன் பிறகு எழவே இல்லை. அன்றிலிருந்து அவளுக்கு நாதி இந்த வரிசைதான்.

"அண்ணே, நடவுல மெதுவான கைய ஓரத்துல விடமாட்டோம். ரெண்டு வேகமான கைக்கு நடுவுல விடுவோம். இப்பப் பாருங்க. இன்னொரு தரம் தேங்குச்சுன்னா நாளைக்கு நானும் வரல."

"ஒன்னோட பெரிய ரோதனையாப் போச்சு. சரி, பாப்பம்."

மேல்படியில் நின்ற அம்சம் பொன்னுத்தாய்க்கு நேர் மேலே இருந்த படிக்கு இறங்கினாள். பொன்னுத்தாய்க்குக் கீழ்ப்படிக்கு வரச் சொல்லி, வேகமான கைக்காரி நீலாம்பாளுக்குக் கண் காட்டினாள்.

"அக்கா, கைய மட்டும் நீட்டிக்கிட்டு நில்லு."

அடுத்த சட்டி வந்தது. நீலாம்பாள் எட்டித் தூக்கினாள். அம்சம் இடுப்பை வளைத்துக் குனிந்து வாங்கினாள். நடுவில் பொன்னுத்தாயின் விரல்கள் சட்டியின் விளிம்பை வெறுமனே தொட்டுவிட்டு விலகின.