கரும்பு அட்டையும் பொட்டு வைத்த பிளாப்பியும்

கம்ப்யூட்டர்காரனுக்கு வயிற்றெரிச்சல் இரண்டு: பழைய மெஷின் ஓடுவது, புதிய மெஷின் ஓடாதது. இரண்டையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு அவதிப்பட்ட சகோதரர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஓட்டை தெரிகிறதா?

எண்பதுகளில் காவிரிக் கரையோரம் ஒரு சர்க்கரை ஆலையில் நானும் ரத்தினமும் புரோகிராமர்கள். அவர் நாமக்கல் பக்கம், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அயோத்தியாப்பட்டணம். எந்தத் தோட்டத்துக் கரும்பு எப்போது நட்டது என்று பார்த்து, வெட்டு உத்தரவுப் பட்டியல் போடுவது எங்கள் வேலை. முறை தவறினால் கரும்பு பூத்துச் சக்கையாகிவிடும்.

பழைய மெஷின் அட்டையில் உள்ள ஓட்டைகளைத்தான் படிக்கும்; ரத்தினம் தோட்டத்துக்கு ஒரு அட்டை என்று விவரத்தை ஓட்டைகளாகப் போட்டுப் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தார். நான் புதிதாக வந்த கம்ப்யூட்டரில் அத்தனையையும் ஒரே பிளாப்பியில், அதாவது உறைக்குள் சுழலும் மெல்லிய காந்தத் தட்டில், அடக்கிவிட்டேன். அவருக்குப் பொறுக்கவில்லை.

“அட்டையில ஓட்டை இருக்குது, கண்ணுல பாக்கறேன். உன்ற தட்டுல என்ன இருக்குதுன்னு உனக்கே தெரியுமா தம்பி?”

கரையான் தீர்ப்பு

அந்த மழைக்காலத்தில் ஒரு பெட்டியைத் திறந்தால் மண்தான் கொட்டியது. ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தின் அட்டை முழுக்க, அடியில் கிடந்த பதிவுப் படிவங்களோடு, கரையானுக்குப் போயிருந்தது. அந்த ஊர் பிளாப்பியில் பத்திரமாக இருந்ததால் எனக்கு உள்ளூர ஒரே கொண்டாட்டம். அதை மறைக்கக்கூட இல்லை. மற்ற அட்டைகளையும் எடைக்குப் போடச் சொல்லிவிட்டார் மேனேஜர். ரத்தினம்தான் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தார்.

“கரையான் தின்னுச்சுன்னா அது நல்ல சரக்குன்னு அர்த்தம். உன்ற பிளாப்பியை அது மோந்துகூடப் பாக்காது!”

பக்தி முற்றியபோது

ஆயுத பூஜை வந்தது. எங்கள் அறைக்குப் பூஜை என் பொறுப்பு. அட்டை மெஷின், கம்ப்யூட்டர், மின்விசிறி என்று ஒன்று விடாமல் சந்தனம், குங்குமம் வைத்தேன். பிளாப்பியின் உறையில் ஒரு நீள ஜன்னல் இருக்கும், அதற்குள் பழுப்பாய்த் தட்டு தெரியும். பொட்டு வைக்க அதைவிட வாகான இடம் ஏது? பாரபட்சம் கூடாதென்று, நகல் எடுத்து வைத்திருந்த பிளாப்பிக்கும் வைத்தேன்.

தீபாவளி கழிந்து அரவை தொடங்கும் நாளில் இரண்டையும் மெஷினில் போட்டேன். தட்டில் ஒட்டியிருந்த சந்தனமும் குங்குமமும் அரைபட்டுக் கரகரவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்; ஒரு எழுத்துகூட வரவில்லை. ரத்தினம் ஒரு பிளாப்பியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“சாமிக்கே நேந்து உட்டுட்ட. இனி அவருதான் படிக்கோணும்.”

நாச்சிமுத்துக் கவுண்டர் வந்தார்

மற்ற ஊர்களின் பட்டியலை அட்டைகளை ஓட்டி எடுத்துவிட்டோம். கரையான் தின்ற ஊருக்கு மட்டும் அட்டையும் இல்லை, பிளாப்பியும் இல்லை. நாலாம் நாள் அந்த ஊரிலிருந்து நாச்சிமுத்துக் கவுண்டர் வந்து நின்றார். “ஏனுங்க, ஊரெல்லாம் வெட்டறாங்க. என்ற கரும்பு பூத்து நிக்குது. இன்னும் எட்டு நாள் போனா அடுப்புக்குத்தானுங்க” என்றார். முகம் வாடியிருந்தது.

மன்னிப்புக் கேட்க வேண்டிய நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். கரையான் வராமல் இருந்திருந்தால் என்றேன். பொட்டு வைக்காமல் இருந்திருந்தால் என்றார் ரத்தினம். வந்தவரை மறந்து அரைமணி நேரம் எது உசத்தி என்று மல்லுக்கு நின்றோம். கவுண்டர் துண்டை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்தார். அவர் சொன்னதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

“போன வருசம் தீவாளிக்கு மறுநா நட்டதுங்க சாமி. நட்ட தேதி எனக்குத் தெரியும். வெட்டற தேதியைக் கேக்கத்தானுங்க வந்தேன்.”

அன்றே இருவரும் ஒரு நோட்டோடு போய்த் தோட்டம் தோட்டமாகக் கேட்டு எழுதி, அந்த வாரமே அவர் கரும்பை வெட்டவைத்தோம். அதற்குப் பிறகும் எது உசத்தி என்ற சண்டையை நிறுத்தவில்லை; ஆனால் நட்ட தேதிகளை அட்டையிலும் பிளாப்பியிலும் நோட்டிலும் எழுதி வைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தோம்.