அத்தானின் முதுகு

லிஃப்ட் பழுதுபார்க்கும் அத்தானுக்கும் அவருடைய மனைவியின் தம்பிக்கும் பேச்சு நின்று எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்காக அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை என்று சொன்னால் அபாண்டம். தினமும் பேசினார்கள். "மேலே", "கீழே", "நிறுத்து" என்ற மூன்றே சொற்களை வைத்துக்கொண்டு எட்டு மாதம் குடும்பம் நடத்திய பெருமை அவர்களுக்கு உண்டு.

இருவரும் ஒரே கம்பெனியில் ஜோடியாக வேலை பார்த்தார்கள். லிஃப்ட் வேலை தனியாளாகச் செய்கிற வேலை இல்லை. ஒருவர் அடிக்குழிக்குள் இறங்கிக் கம்பியையும் கிரீஸையும் பார்க்க வேண்டும். இன்னொருவர் மொட்டை மாடி இயந்திர அறையில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, யாரும் கை வைக்காதபடி காவல் நிற்க வேண்டும். அத்தான் இறங்குவார், மச்சான் மேலே நிற்பான். கம்பெனி வேனில் ஊர் ஊராகப் போய் இதைத்தான் பல வருடங்களாகச் செய்துவந்தார்கள். இப்போது அந்த வேனில் ஒருவர் இடது பக்கச் சன்னலையும் மற்றவர் நேர் சாலையையும் மட்டுமே பார்த்துக்கொண்டு போனார்கள். இயற்கைக் காட்சிகளில் இருவருக்கும் திடீரென்று அவ்வளவு ஈடுபாடு.

சண்டைக்குக் காரணம் ஒரு புகைப்படம். மச்சான் புது வீட்டுக்குக் குடிபோனபோது கூடத்துச் சுவரில் ஒரு குடும்பப் படம் மாட்டினான். படத்தில் மாமனார் இருந்தார், மாமியார் இருந்தார், அக்காள் இருந்தாள், அக்காளின் தோளில் ஒரு கையும் இருந்தது. கடிகாரம் கட்டிய, ரோமம் அடர்ந்த, குறை சொல்ல முடியாத கை. கைக்குச் சொந்தக்காரர் மட்டும் சட்டத்துக்கு வெளியே போயிருந்தார்.

வந்தவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அத்தான் கவனித்தார். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் தனக்கு உரிய மரியாதை எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று தேடிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு. அன்றைக்குக் காப்பியைக்கூடத் தொடாமல் எழுந்து வந்துவிட்டார். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது கோபம்; சொல்லாவிட்டால் அது கௌரவம். மச்சானும் என்ன ஏது என்று கேட்கவில்லை. காப்பியைத் தொடாமல் போனவரிடம் வலியப் போய்க் கேட்பானேன், அவனுக்கும் மூக்குக்கு மேல் ரோஷம்.

எட்டாவது மாதத்தில் மச்சான் வேறு கிளைக்கு மாற்றல் கேட்டான். ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போனால்தான் அந்த ஊர் வரும். மேலாளர் நிதானமான மனிதர். "இந்தச் சுத்து ஊரெல்லாம் முடிங்க. முடிச்சதுக்கப்புறமும் போகணும்னு தோணுச்சுன்னா ஒரு போன் போடு, அன்னைக்கே மாத்திவிட்டுடறேன்" என்றார்.

அத்தானின் மனைவிக்கு இருப்பது அந்த ஒரே தம்பி. "நீங்க ஒரு வார்த்தை சொன்னா நின்னுடுவான்" என்று அவள் மன்றாடிப் பார்த்தாள்.

"போறவனை நான் என்ன கயித்தப் போட்டுக் கட்டியா வைக்க முடியும்?" என்றார் அத்தான், லிஃப்ட் கயிற்றிலேயே ஆயுளைக் கழித்தவர்.

ஆனால் அவன் இல்லாமல் வேறு ஒருவன் மேலே நின்றால் தன்னால் ஒரு குழிக்குள்ளும் நிம்மதியாக இறங்க முடியாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததை வாய்விட்டுச் சொல்வது அவர் பரம்பரையிலேயே கிடையாது.

இந்த லட்சணத்தில்தான் சுற்று தொடங்கியது. முதல் ஊரில் ஒரு வணிக வளாகத்து லிஃப்ட். வேலை முடிந்ததும் வளாகத்து மேற்பார்வையாளர் மகிழ்ந்துபோய், மூன்றாவது மாடியில் இருந்த லேசர் டேக் அரங்கில் இலவசமாக ஒரு ஆட்டம் ஆடச் சொன்னார். பணம் கேட்டிருந்தால் அத்தான் மறுத்திருப்பார். இலவசம் என்பதால் மறுக்கவே முடியவில்லை.

லேசர் டேக் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இருட்டான ஒரு கூடம், பலகைத் தடுப்புகள், புகை. நெஞ்சிலும் முதுகிலும் விளக்கு வைத்த ஒரு கவசத்தை மாட்டிவிடுவார்கள். கையில் ஒளி பாய்ச்சும் துப்பாக்கி. எதிரணிக்காரனின் விளக்கில் ஒளி பட்டால் அவன் கவசம் அதிர்ந்து, அணைந்து, சில நொடி கழித்து மறுபடி உயிர் பெறும். முந்தைய ஆட்டக்காரரின் வியர்வை அந்தக் கவசத்தில் ஈரமாகவே இருக்கும், அது நமக்கு இலவசம். தொப்பையும் நரைமீசையுமாக அத்தான் அதற்குள் நுழைந்தபோது, ஒரு பிறந்தநாள் கூட்டத்துப் பிள்ளைகள் அவரைச் சுவரோடு சேர்ந்த அலங்காரம் என்றே நினைத்துக்கொண்டார்கள்.

வாசலில் நின்ற பணியாளர் இருவரின் கம்பெனிச் சட்டையையும் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒண்ணா வந்தவங்கதானே? ஒரே டீம்ல போட்டுடறேன்" என்று இருவருக்கும் நீலக் கவசத்தை நீட்டினார். நாங்கள் பேசிக்கொள்வதில்லை என்று அந்நியரிடம் எப்படிச் சொல்வது? இருவரும் வாயை மூடிக்கொண்டு மாட்டிக்கொண்டார்கள்.

அந்த ஆட்டத்தில்தான் அத்தானுக்கு ஞானம் பிறந்தது. சொந்த அணிக்காரனைச் சுட்டால் கவசம் கண்டுகொள்ளாது. அதிராது, அணையாது, புள்ளி குறையாது. திரும்பிப் பார்த்தால் மச்சான் நாலடி பின்னால் நின்றான். நெஞ்சுக்கு நேராக ஒன்று வைத்தார். எட்டு மாதமாக அடைத்துக்கொண்டிருந்தது கொஞ்சம் இறங்கியது. இன்னொன்று வைத்தார். மச்சானோ, தனக்குப் பின்னால் யாரோ எதிரி வருவதாக நினைத்துக்கொண்டு சட்டென்று திரும்பி அந்தப் பக்கம் பார்த்தான். அத்தானுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அதிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் வேலை முடிந்ததும் அத்தான் முதலில் விசாரிப்பது லேசர் டேக் எங்கே என்பதைத்தான். அடுத்த ஊரில் அது ஒரு பழைய கிடங்கு. தடுப்புக்குப் பதில் லாரி டயர்கள், துப்பாக்கியெல்லாம் ஒட்டுப்பட்டையால் கட்டி உயிர் பிழைத்திருந்தன. அதற்கடுத்த ஊரில் விண்வெளிக் கப்பல் மாதிரி வெள்ளித்தாள் ஒட்டியிருந்தார்கள். வெள்ளைத் துணியைப் பளீரென்று காட்டும் ஊதா விளக்குகள் அங்கே. அத்தான் வெள்ளைச் சட்டையோடு போய், கூடம் முழுக்கத் தானே விளக்காக நடமாடினார். மச்சான் ஒன்றும் சொல்லாமல் தன் கறுப்புச் சட்டையைக் கழற்றி நீட்டினான். அத்தான் அதைப் பார்க்காத மாதிரி உள்ளே போனார். எல்லா ஊரிலும் கம்பெனிப் பெயரைக் கேட்டு இருவரையும் ஒரே அணியில்தான் போட்டார்கள். எல்லா ஊரிலும் மச்சான் அவருக்குப் பின்னாலேயே வந்தான். என் உடம்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பிழைக்கிறான், கோழை என்று அத்தான் முடிவு கட்டினார். போட்டோவுக்கு ஒன்று, காப்பிக்கு ஒன்று, மாற்றலுக்கு ஒன்று என்று திரும்பித் திரும்பி வெளுத்து வாங்கினார்.

ஆட்டம் முடிந்ததும் யாருக்கு எங்கே அடி விழுந்தது என்று ஒரு திரையில் வரும். அத்தானுக்கு நெஞ்சில் விழுந்திருக்கும், தோளில் விழுந்திருக்கும், முதுகில் மட்டும் விழுந்ததே இல்லை. இதை அவர் தினமும் மனைவிக்குப் போன் போட்டுத் தம்பட்டம் அடித்தார்.

"எந்த ஊர்லயும் ஒருத்தன்கூட என் முதுகத் தொட முடியல தெரியுமா? எல்லாம் உள்ளுணர்வு."

"அது கிடக்கட்டும். தம்பிகிட்டப் பேசினீங்களா?"

"லைன் சரியில்ல. வைக்கிறேன்."

கடைசி ஊர். ஓர் அலுவலகக் கட்டடத்து லிஃப்டைச் சரிசெய்துவிட்டுச் சாயங்காலம் அதே தெருவில் ஒரு அடித்தள அரங்குக்குப் போனார்கள். மறுநாள் வீடு. மச்சான் வேனை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தான். வரவேற்பில் இருந்த பெண் விதிமுறைகளைச் சொல்லத் தொடங்கினாள்.

"சார், எங்க அரங்கத்துல ஒரு விஷயம் வேற மாதிரி—"

"அதெல்லாம் தெரியும்மா. நாங்க ஊரு ஊரா ஆடிட்டு வர்றோம்" என்று அத்தான் கையை வீசினார். அந்தப் பெண் சம்பளத்துக்கு மேல் வற்புறுத்துகிற ரகம் இல்லை. விட்டுவிட்டாள்.

எதிரணி ஒரு பல் மருத்துவமனை ஊழியர்கள். எங்கேயாவது ஓட்டை தெரிந்தால் விடாமல் நோண்டுகிறவர்கள். ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்தில் அத்தான் வழக்கம்போலத் திரும்பி மச்சானுக்கு ஒன்று வைத்தார். மச்சானின் கவசம் உதறி, இருண்டது. யாரோ எதிரி சுட்டிருக்கிறான் என்று அத்தான் மனம் குளிர்ந்தார். அதே நொடியில் அவருடைய சொந்த முதுகு தடதடவென்று அதிர்ந்தது. வாழ்க்கையில் முதல் தடவை. எதேச்சை என்று நினைத்தார். மச்சான் உயிர் பெற்றதும் மறுபடி திரும்பி ஒன்று வைத்தார். மறுபடி அவன் அணைந்தான், மறுபடி இவர் முதுகு அதிர்ந்தது. கோபம் வந்தது. கோபம் வந்தால் அவருக்குச் சுடத் தெரிந்த திசை ஒன்றுதான். மச்சானைச் சுட்டார். பல் மருத்துவமனை அவர் முதுகைச் சுட்டது. ஆட்டம் முழுக்க இதேதான்.

வெளியே வந்து திரையைப் பார்த்தார்கள். அத்தான் கடைசி. அத்தானை முதுகில் சுட்டவர்கள் என்று ஒரு முழு மருத்துவமனையே வரிசையில் நின்றது. மச்சானைச் சுட்டவர்கள் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. இந்த அரங்கத்தில் சொந்த அணிக்காரனைச் சுட்டாலும் அடி அடிதான்.

மச்சான் அதை வாசித்தான். முகத்தில் ஈயாடவில்லை. எட்டு மாதத்தில் முதன்முறையாக மூன்று சொற்களைத் தாண்டிப் பேசினான்.

"நீங்களா அத்தான்?"

அத்தான் துப்பாக்கியை மேசைமேல் வைத்தார்.

"இங்க மட்டுமா? எல்லா ஊர்லயுமா?"

தெரியாமல் பட்டுவிட்டது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொல்வது அத்தானின் கௌரவத்துக்கு இழுக்கு. "எல்லா ஊர்லயும்தான்" என்றார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "நீ படத்துல என்னை வெட்டினே. நான் சுட்டேன்."

"எந்தப் படத்துல?"

"உன் வீட்டுக் கூடத்துல மாட்டியிருக்கியே, என் கைய மட்டும் வச்சு, அந்தப் படத்துல."

"சட்டம் சின்னது அத்தான். அந்தப் பக்கம் வெட்டலன்னா அப்பாவ வெட்டணும். நீங்க தப்பா நினைக்க மாட்டீங்கன்னு நினைச்சேன். நம்ம ஆளுதானேன்னு நினைச்சேன்" என்றான். பிறகு கவசத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் படியேறி வெளியே போனான்.

அத்தானுக்கு அப்போதும் உறுத்தியது முதுகுதான். வரவேற்புப் பெண்ணிடம் போனார். "உங்க மெஷின்ல ஏதோ கோளாறும்மா. எனக்கு எப்பவும் முதுகுல விழாது."

அவள் திரையைத் தட்டிப் பார்த்தாள். "மெஷின் சரியா இருக்கு சார். உங்க முதுகுல விழுந்தது எல்லாமே உங்ககூட வந்தவரு அணைஞ்சிருந்த நேரத்துல. அவரு உங்களுக்கு முதுகு காட்டிக்கிட்டு, பின்னாடி வர்றவங்கள மட்டும்தான் சுட்டிருக்காரு. முன்னாடி ஒருத்தரக்கூடச் சுடல. பாயிண்ட் பத்திக் கவலையே இல்ல போல அவருக்கு. நீங்க அவர அணைச்சிட்டே இருந்தா யாரு சார் காவல் நிப்பா?"

அத்தானுக்கு டயர்க் கிடங்கும் வெள்ளித்தாள் கப்பலும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவர் சுட்டபோதெல்லாம் அவன் ஏன் சட்டென்று மறுபக்கம் திரும்பினான் என்பது இப்போது புரிந்தது. அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. கவசத்தைக் கழற்றக்கூட மறந்து, விளக்கு மினுக்க மினுக்கப் படியேறி ஓடினார். அந்த வயிற்றை வைத்துக்கொண்டு அவ்வளவு வேகமாக அவர் எந்த அரங்கத்திலும் ஓடியதில்லை.

மச்சான் தெருவோரம் வேனில் சாய்ந்து நின்றான். போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான்.

"போகாதடா" என்றார் அத்தான், மூச்சு வாங்க.

"மேனேஜர்கிட்டச் சொல்லிட்டேன் அத்தான். இப்பத்தான். உறுதியான்னு கேட்டாரு. உறுதின்னேன்."

"திரும்பப் போட்டுச் சொல்லு. மாறிடுச்சுன்னு சொல்லு."

"அந்தக் கிளையில ஒருத்தன் இந்தப் பக்கம் வரக் காத்துக்கிட்டிருந்தானாம், நான் சொன்னதுமே என் எடத்த அவனுக்குக் குடுத்துட்டாரு. உங்ககூட வரப்போறது அவன்தான்."

அன்று வேனில் இருவரும் நிறையப் பேசினார்கள். அத்தான் மன்னிப்புக்கூடக் கேட்டார், சன்னலைப் பார்த்துக்கொண்டுதான். மச்சான் ஊர் மாறிப் போன பிறகு இன்னும் அதிகமாகப் பேசினார்கள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தபோது மூன்று சொல்லுக்கு மேல் செலவழிக்காத இரண்டு கனவான்களும் இப்போது தினமும் போனில் வாய் வலிக்கப் பேசுகிறார்கள். மனைவிக்குத்தான் தம்பி இல்லாத வீடு வெறிச்சென்று இருக்கிறது. அவள் யாரையும் குறை சொல்லவில்லை. அதுதான் அத்தானுக்குத் தாங்கவில்லை.

புது ஜோடி நல்ல பையன்தான். வேலையில் கெட்டி. குழிக்குள் இறங்குமுன் அத்தான் அவனிடம் நாலு தடவை கேட்டுக்கொள்கிறார், அவ்வளவுதான். போன வாரம் ஒரு ஊரில் தனியாக லேசர் டேக் ஆடப் போனார். முடித்துவிட்டு வழக்கம்போலப் போன் போட்டார்.

"இன்னைக்கு எப்படி அத்தான்?"

"எல்லாம் முதுகுலதான்."

"சுவத்த ஒட்டி நின்னு ஆடுங்க. பின்னாடி யாரும் வர முடியாது."

"நின்னு பாத்தேன்டா" என்றார் அத்தான். இந்தத் தடவை லைன் சரியில்லை என்று அவர் சொல்லவில்லை. "பழக்கதோஷம், அப்பப்ப திரும்பித் திரும்பிப் பாத்துட்டேன்."