ஏழு மணி பஸ்ஸும் ஒன்பது மணி ஆய்வும்

மேல்முறையீடு செய்தவருக்குப் பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். பதில் போகும்வரை அவருடைய பெர்மிட் செல்லும். ஜார்ஜ்டவுனில் எங்கள் தீவின் போக்குவரத்து அலுவலகத்தின் நடைமுறைக் கையேட்டில் இது தெளிவாகவே இருந்தது. நான் அங்கே தலைமை எழுத்தர். அந்தக் கையேட்டைத் திறந்து பார்த்த மேலதிகாரி ஒருவரையும் நான் கண்டதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தலைநகரத்துக்குத் திடீரென்று பூமியின் மேல் அக்கறை வந்தது. வாகனப் புகையால் உலகம் சூடாகிறதாம். எந்தெந்த வாகனம் வீணாகப் புகை விடுகிறது என்று கண்டுபிடிக்க ஓர் அரசாங்க ஆய்வு. மூன்று அதிகாரிகள் விமானத்தில் வந்து இறங்கினார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைச் சாலையோரம் ஆளுக்கொரு அலுவலகக் காரில் உட்கார்ந்து வாகனங்களை எண்ணினார்கள். குளிர்காற்று நின்றுவிடக் கூடாதல்லவா, எஞ்சினை மட்டும் யாரும் அணைக்கவில்லை.

எண்ணியது காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை. தொழிற்சாலைகளில் ஆள் மாறுவதோ காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும். அலுவலக நேரத்துக்கு வெளியே வேலை செய்ய முன் அனுமதி வேண்டும். அதற்கான படிவத்தை மூன்று பிரதிகளில் தட்டச்சு செய்து குழுத் தலைவரின் மேசையில் நானே வைத்தேன். ஒரு சாலையை அறிய ஒரு பகல் போதும் என்று அவர் கனிவாகச் சொன்னார். ஒன்பது மணிக்கு முந்திய புகை புகையில் சேராது போலும்.

அந்தச் சாலையில் பஸ் ஓட்டியவர்களில் ஒருவர் எனக்குத் தெரிந்தவர். துறைமுகத் தொழிலாளியின் மகன். சொந்தமாக ஒரே ஒரு பழைய பஸ். பாயான் பாரு அடுக்குமாடி வீடுகளிலிருந்து தொழிற்சாலைப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் விடுவது பிழைப்பு. ஆய்வறிக்கை வந்தபோது அந்த பஸ் 'ஆளில்லாமல் ஓடும் வாகனங்கள்' பட்டியலில் இருந்தது. பெர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டாம் என்பது பரிந்துரை. அவர் என் மேசைக்கு வந்து நின்றார்.

“அண்ணே, அவங்க எண்ணுறாங்கன்னு கேள்விப்பட்டேன். நம்ம பஸ்ஸும் நோட்டுல நல்லா விழட்டும்னு அவங்க கண்ணு முன்னாடியே நாலு தடவ போயி வந்தேன்லா.”

“எத்தனை மணிக்கு?”

“பத்து மணிக்கு.”

“ஆள் இருந்தாங்களா, தம்பி?”

“அந்த நேரத்துல யாரு ஏறுவா? புள்ளைங்கல்லாம் உள்ள வேலையில இருக்கும். காலையில ஏழு மணிக்கு வந்து பாக்கச் சொல்லுங்க. உக்கார எடம் இல்லாம நின்னுக்கிட்டு வருதுங்க.”

அரசாங்கம் எண்ணுகிறது என்றால் எண்ணப்படுவது நன்மைக்கே என்று நம்பியவர். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. காலி பஸ் ஒன்று நாலு முறை போய்வருவதைப் பார்த்தும், ஏன் என்று கண்ணாடியை இறக்கிக் கேட்காத மூன்று பட்டதாரிகள்மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை.

தைப்பூச வாரத்தில் மேல்முறையீட்டை எழுதிக் கொடுத்தேன். பெர்மிட் காலாவதியானதும் சாலைச் சோதனை அதிகாரியிடம் கையேட்டின் வரியைக் காட்டினேன். தனக்கு அப்படிச் சுற்றறிக்கை எதுவும் வரவில்லை என்றார். பஸ் அவர் குடியிருந்த அடுக்குமாடிக்குப் பின்னால் நின்றது. அதில் போன பெண்கள் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிள் பின்னால் தொற்றிக்கொண்டு போனார்கள், அண்ணனோ தம்பியோ ஓட்ட. ஒரு பஸ்ஸின் புகையை ஒழித்து நாற்பது மோட்டார் சைக்கிள்களின் புகையை வாங்கிக்கொண்டது ஆய்வு. நான் நினைவூட்டல் அனுப்பினேன். கோப்பு பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார்கள். இரண்டாவது நினைவூட்டலுக்கு அதுவும் இல்லை.

பஸ் துருப்பிடிக்கத் தொடங்கியதும் அவர் காத்திருப்பதை விட்டுவிட்டார். அக்கரையில் பட்டர்வொர்த் பழைய இரும்புக் கடைக்கு ஃபெர்ரியில் தானே ஓட்டிக்கொண்டு போனார். பஸ் இல்லாமல் அதே ஃபெர்ரியில் திரும்பி வந்து, மறுவாரம் ஒரு தொழிற்சாலை வாசலில் காவலாளி ஆனார்.

மேல்முறையீடு ஏற்கப்பட்டது, பஸ்ஸைச் சோதனைக்குக் கொண்டுவரவும் என்று தலைநகரத்திலிருந்து கடிதம் வந்தது. வரவு முத்திரையை நானே குத்தினேன். மறு ஆண்டு, தீபாவளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை.