போன் அடிக்காமல் போகாத வீடு

வெளிநாட்டில் நான் இருக்கும் மோர்னிங்சைட் பகுதியில், என் பக்கத்து வீட்டில் ஒரு வயதான டச்சுக்காரப் பெண் தனியாக இருக்கிறார். ஒருமுறை நான் சொல்லாமல் இடியப்பம் கொண்டுபோனபோது, "வாறதெண்டால் முதல்ல போன் பண்ணு. எங்கட ஆக்களின்ர வழக்கம் அது" என்று இங்கிலீசில் சொன்னார். அதன்பிறகு அப்படியே செய்தேன்.

சென்ற மாதம் ஒரு காலை அவர் போனை எடுக்கவில்லை. எப்போதும் திறந்திருக்கும் யன்னல் திரையும் மூடியிருந்தது. பயந்தேன். ஆனாலும் போகவில்லை. மத்தியானம் மனைவி கத்தினாள்.

"மனுசி செத்துக் கிடந்தாலும் போன் அடிச்சுக் கேட்டிட்டோ போவியள்?"

ஓடிப்போய்த் தட்டினேன். உள்ளே முனகல் கேட்டது. அம்புலன்ஸைக் கூப்பிட்டேன். காலையிலேயே விழுந்து இடுப்பு முறிந்து கிடந்திருக்கிறார். பிழைத்து, வீடு திரும்பிவிட்டார்.

இப்போது அவர் போன் எடுக்காவிட்டால் நேரே போய்த் தட்டுகிறேன். ஏசினால் ஏசட்டும்.