எல்லாரும் ஒப்புக்கொண்ட ஆய்வு

பெஸ்ஸேவுக்குப் பட்டம் கிடைக்க ஓர் ஆய்வேடுதான் பாக்கி. சமூக வலைத்தளத்தில் ஆங்கிலம் கற்பதைப் பற்றி மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது தலைப்பு. இந்தோனேசியாவில் எங்கள் பரேபரே ஊர்க் கல்லூரியில் தடுக்கி விழுந்தால் இதே தலைப்பில் ஆய்வு செய்கிற ஒருத்தி மேல்தான் விழ வேண்டும். அவளோடு ஒரே அறையில் குடியிருந்தவள் நான். விடியற்காலையில் அவள் தன் அம்மாவின் கடையில் வாழைப்பழம் பொரித்துக் கொடுத்துவிட்டு, எண்ணெய் வாடையோடு வந்துதான் கேள்விகளைத் தயார் செய்தாள்.

கைபேசியில் அனுப்பிய வேகத்திலேயே ஜூனியர்களின் பதில் வந்துவிட்டது. எல்லாக் கேள்விக்கும் எல்லாரும் ‘முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்’. அக்கா கேட்டு மாட்டேன் என்று சொல்கிற பழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. வழிகாட்டி பஹார் சார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மறுத்துப் பேசுகிற ஓர் ஆளையாவது பேட்டி எடுத்து வா, இல்லாவிட்டால் இந்தப் பருவம் வாய்மொழித் தேர்வு கிடையாது என்றுவிட்டார்.

வெயிலில் வகுப்பு வகுப்பாக அலைந்தோம். ஒருத்தி குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு எந்தப் பதில் வேணும்னு சொல்லுங்கக்கா, அதையே சொல்லிடறேன்" என்றாள். நல்ல பிள்ளைதான். எங்களுக்குத்தான் அழுகை வந்தது.

மறுக்கிற ஆள் எங்கள் அறையிலேயே இருந்தாள். இரண்டாம் வருடம், ஆசிரியர் சொன்னாரே என்று பெஸ்ஸே ஆங்கிலத்தில் பேசி ஒரு வீடியோ போட்டாள். அவள் மாமா, சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பார்க்க, ‘வாழைப்பழம் பொரிக்கிற வாய்ல இங்கிலீஷைப் பாரு’ என்று கீழே எழுதினார். அன்றே அழித்துவிட்டாள். அதற்கப்புறம் தினமும் ஆங்கில வீடியோ பார்ப்பாள். வாய் மட்டும் திறக்க மாட்டாள்.

"நான் சொல்றேன், எழுதிக்கோடி" என்று அவள் கதையை என் கதையாகச் சொன்னேன். தப்புதான். அவளுக்கும் தெரியும். ஆனாலும் எழுதிக்கொண்டாள். இரண்டு பேருக்கும் நடக்கத் தெம்பில்லை.

வாய்மொழித் தேர்வில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மனப்பாடம் செய்ததை அவள் ஒப்பித்து முடித்ததும், அந்த ஒரே பேட்டியைத்தான் பஹார் சார் பிரித்து வைத்துக்கொண்டார். இந்தப் பெண் இப்போதாவது பேசுகிறாளா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பெஸ்ஸே என் பக்கம் திரும்பவே இல்லை. "இன்னும் இல்ல சார்" என்றாள், ஆங்கிலத்தில், மனப்பாடம் செய்யாத ஒரே வாக்கியமாக. தேறிவிட்டாள்.

வெளியே ஜூனியர்கள், தேறியவர்களுக்குப் போடுகிற பெயர் எழுதிய பட்டையை அவள் தோளில் மாட்டிப் படம் எடுத்துவிட்டு, ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை பேசச் சொல்லிக் கைபேசியை நீட்டினார்கள். அவள் சிரித்துக் கையசைத்ததோடு சரி.

சாயங்காலம் அவர்கள் வலைத்தளத்தில் போட்ட அந்தப் படத்துக்குக் கீழே மாமா எழுதியிருந்தார்: ‘நம்ம வீட்டு இங்கிலீஷ் டீச்சர்! ஒரு வீடியோ பேசிப் போடும்மா, எல்லாரும் பாக்கட்டும்.’ எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெஸ்ஸே படித்தாள், கைபேசியைக் குப்புறக் கவிழ்த்தாள்.

"காலைல சீக்கிரம் எழுப்பிவிடு, கடைக்குப் போகணும்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.