கடைசி வரிசையில் விழுந்த கோடு

அந்தப் பெரிய பிரிண்டரை வாங்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் இதைப் படித்துவிட்டு, "அத மட்டும் ஏன் எழுதல?" என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருப்பார்.

கள்ளக்குறிச்சியில் எங்களுக்கு ஒரு ஸ்டுடியோ இருக்கிறது. அவர் படம் எடுப்பார். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து திருத்துவதும் அச்சுக்கு அனுப்புவதும் என் வேலை. பெரிய படம் என்றால் வெளியூர் லேபுக்கு அனுப்பவேண்டும். மூன்று நாள் கழித்து பஸ்ஸில் சுருட்டி வரும். பிரித்துப் பார்த்தால் மணப்பெண் ஆரஞ்சு நிறத்தில் நிற்பாள். அரக்குப் பட்டு செங்கல் நிறத்தில் வந்திருக்கும். போன் செய்தால், "உங்க ஸ்கிரீன செக் பண்ணுங்க மேடம்" என்பார்கள். இந்தப் பதிலை வருஷக்கணக்கில் கேட்டுக்கேட்டு எனக்கு வெறுத்துப்போயிற்று. என் ஸ்கிரீனில் ஒரு குறையும் இல்லை. குறை அவர்கள் கண்ணில் இருந்தது.

நாமே ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவானதும் வீட்டில் சண்டை ஆரம்பித்தது. அவருக்கு ஃப்ளெக்ஸ் மிஷின் மேல் ஆசை. காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி பேனர் என்று வருஷம் முழுக்க வேலை இருக்கும் என்றார். பேனரில் மூக்கு எது, மச்சம் எது என்றே தெரியாது, எனக்கு போட்டோதான் வேண்டும் என்றேன். பிறகு எந்த மை என்பதில் ஒரு மாதம் போனது. சாய மை பளபளவென்று இருக்கும், ஆனால் வெயில் பட்டால் வெளுக்கும். பிக்மென்ட் மை பல வருஷம் நிற்கும், ஆனால் சும்மா கிடந்தால் ஹெட் அடைத்துக்கொள்ளும். ஹெட் என்பது மை தெறிக்கும் பாகம். தலைமுடியைவிடச் சின்ன ஓட்டைகள் ஆயிரக்கணக்கில் அதில் இருக்கின்றன. விற்க வந்தவர் இரண்டு வகையையும் ஒரே வாயால் புகழ்ந்தார். கடைசியில் இருபத்து நாலு அங்குல அகலத்துக்கு அச்சடிக்கிற, பிக்மென்ட் மை ஊற்றுகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஸ்டுடியோக் கதவு வழியாக அது உள்ளே வரவில்லை. கதவைக் கழற்றினோம்.

வந்த நாளிலிருந்து அது என்னைப் படுத்திய பாட்டைச் சொல்லி மாளாது. இரண்டு நாள் அச்சடிக்காமல் விட்டால் ஓட்டை அடைக்கும். அடைத்தால் தானே கழுவிக்கொள்ளும். கழுவ நல்ல மையைத்தான் குடிக்கும். அதாவது, வேலை செய்தாலும் மை, செய்யாமல் உட்கார்ந்திருந்தாலும் மை. பாதிப் படத்தில் கரண்ட் போனால் பேப்பர் குப்பைக்கு. மழைக்காலத்தில் பேப்பர் சுருளின் ஓரம் வளைந்து ஹெட்டில் உரசும். இத்தனையும் தாண்டி ஒரு படம் அருமையாக வந்தால், வாங்க வந்தவர், "இன்னாம்மா, பளபளப்பே காணோம்? கலர் கம்மியா கீதே" என்பார். எனக்கு அழுகையே வந்துவிடும்.

அந்த மிஷினை நான் பிள்ளையைப்போலக் காத்தேன். பங்குச் சாமியார் வந்து மந்திரித்துத் தண்ணீர் தெளித்தபோதுகூட, முன்கூட்டியே பிளாஸ்டிக் விரிப்பால் மூடிவைத்திருந்தேன். அவர் விரிப்பைத்தான் மந்திரித்தார் என்று வீட்டுக்காரர் இன்னமும் கேலி செய்வார்.

எங்கள் பக்கத்துக் கடை, படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுகிற கடை. அதை நடத்துகிற அண்ணன் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் எங்கள் வரிசையில் உள்ள எல்லாக் கடைக்கும் சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு வருவார். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்று அவருக்குத் தெரியும், இருந்தாலும் எங்கள் கடையை விட்டுவிட மாட்டார். மிஷின் வாங்குவதற்கு முந்தின வருஷம் கம்ப்யூட்டரில் அவர் வைத்த பொட்டை மறுநாளே துடைத்துவிட்டேன். அவர் பார்த்துவிட்டார். எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. அதனால் இந்தத் தடவை நானே, "அண்ணே, புது மிஷினுக்கும் ஒரு பொட்டு வெச்சிடுங்க" என்று கூப்பிட்டேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதற்குள் பாஸ்போர்ட் படத்துக்கு ஆள் வந்ததால் நான் உள்ளே போய்விட்டேன்.

இரண்டு வாரம் கழித்து வெள்ளிமலைப் பக்கமிருந்து ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர் வந்தார். அவர்கள் பள்ளியில் பல வருஷமாகச் சத்துணவு சமைத்த அம்மா மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். என்ன பரிசு வேண்டும் என்று கேட்டதற்கு, எல்லாரும் சேர்ந்த படம் ஒன்று வேண்டும் என்றாராம். வருஷா வருஷம் பள்ளியில் குரூப் போட்டோ எடுக்கிறார்கள். ஒன்றில்கூட அவர் இல்லை, அந்த நேரத்தில் அடுப்பிலிருப்பார். கண்ணில் ஆபரேஷன் ஆனவர், போனில் காட்டினால் தெரியவில்லை, அதனால் பெரிதாக வேண்டும்.

நானும் வீட்டுக்காரரும் மலையேறிப் போனோம். அவர் கேமராவை நிறுத்த, நான் வரிசை போட்டேன். அது எனக்குக் கைவந்த வேலை. சின்னப் பிள்ளைகள் தரையில், அதற்குப் பின்னால் நாற்காலிகளில் தலைமையாசிரியரும் ஆசிரியர்களும், பின்னால் நிற்கிற பிள்ளைகள், அதற்கும் பின்னால் பெஞ்சுமேல் ஏறி நிற்கிற பெரிய பிள்ளைகள். சமையல்கார அம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "நான் எங்கம்மா நிக்கிறது?" என்றார். "பின்னால போயிடுங்கம்மா, பெஞ்சுமேல. நடுவுல நில்லுங்க" என்றேன். பிள்ளைகள் கைகொடுத்து ஏற்றிவிட்டார்கள். படம் நன்றாக வந்தது. அந்த அம்மா பல் தெரியச் சிரித்திருந்தார்.

இரண்டடி உயரம், மூன்றடி நீளம். முதல் பிரதியை அச்சடித்தேன். வெளியே வரவர எனக்குப் பெருமை தாங்கவில்லை. முழுக்க வந்ததும் மேஜையில் விரித்தேன். கடைசி வரிசையின் முகங்கள் மீது, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கோடு. கோடு என்றால் வெள்ளைக் கோடு இல்லை. அந்த இடத்தில் மட்டும் எல்லாமே இரட்டையாக இருந்தது. அந்த அம்மாவுக்கு நான்கு கண், இரண்டு வாய்.

ஹெட்டைக் கழுவினேன். மறுபடி அச்சடித்தேன். அதே கோடு, அதே இடம். பேப்பரைக் கழற்றி மாட்டினேன், மையைக் குலுக்கினேன், கம்ப்யூட்டரைக் கொன்று உயிர்ப்பித்தேன். நான்காவது பிரதியிலும் அந்த அம்மாவுக்கு நான்கு கண்தான். விற்றவரைத் திட்டினேன், கரண்டைத் திட்டினேன், சாப்பாடு வைத்தாயா என்று கேட்ட வீட்டுக்காரரையும் திட்டினேன். சுருளில் இன்னும் ஒரே ஒரு படத்துக்குத்தான் பேப்பர் இருந்தது. அந்த அம்மாவின் பிரிவு விழா மறுநாள்.

படத்தின் அளவு பார்த்து முன்னாடியே சட்டம் செய்துவிட்ட பக்கத்துக் கடை அண்ணன், அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் இருந்த கோலத்தைப் பார்த்து, "இன்னா தங்கச்சி, இப்பிடி ஒக்காந்துக்கினு கீற?" என்றார். மிஷினின் மூடியைத் திறந்து காட்டிப் புலம்பினேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"ஐய, நான் வெச்ச பொட்டு காஞ்சி உதுந்துட்ச்சே!"

உள்ளே, ஹெட் ஓடுகிற தண்டவாளத்துக்கு மேலே, கண்ணாடிபோல ஒரு மெல்லிய பட்டை நீளமாக இழுத்துக் கட்டியிருக்கும். அதில் கண்ணுக்குத் தெரியாத கோடுகள் உண்டு. அவற்றை எண்ணிக்கொண்டுதான் ஹெட் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளும். அந்தப் பட்டையில், அழகாக, ஒரு சந்தனத் தீற்றல். இடையில் அடித்ததெல்லாம் ஓரத்திலேயே அடங்கிவிடுகிற சின்னப் படங்கள், அதனால் அதுவரை தெரியவில்லை.

"வெளில வெச்சா நீ தொடச்சிடுவியேன்னுதான் உள்ள வெச்சேன். உள்ள எல்லாம் கறுப்பா இருந்துது, அதுல மட்டுந்தான் பொட்டு எடுப்பா தெரிஞ்சிது" என்றார்.

நான் கத்திய கத்தலில் எதிர்க்கடைக்காரர் எழுந்து நின்று பார்த்தார். "கண்ணு இல்லியா உங்களுக்கு?" என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவர் சட்டத்தை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு நின்றார். கூப்பிட்டது நான்தானே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த ஆத்திரத்தோடு, அவர் கடையில் கண்ணாடி துடைக்க வைத்திருக்கிற தின்னரைத் துணியில் நனைத்து, பட்டையை நன்றாக அழுத்தித் தேய்த்தேன். சந்தனம் போயிற்று. வெற்றி என்று சர்வீஸ் ஆளுக்கு வீடியோவில் காட்டினேன்.

"எதுல தொடச்சீங்க மேடம்?"

"தின்னர்ல."

"தண்ணி தொட்ட துணியால லேசா தொடச்சிருந்தா போதும் மேடம். இப்ப கோடெல்லாம் அழிஞ்சிருக்கும். பட்டைய மாத்தணும். சென்னைல ஸ்டாக் இல்ல, ரெண்டு வாரம் ஆவும்" என்றார். மிச்சம் கிடந்த ஒரு துண்டுப் பேப்பரில் டெஸ்ட் அச்சடித்துப் பார்த்தேன். இரண்டு விரல் கோடு மூன்று விரலாகியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன்.

வீட்டுக்காரர் வழிகள் சொன்னார். படத்தைச் சின்னதாக்கி ஓரமாக அச்சடிக்கலாம் என்றார். கோட்டுக்குத் தப்ப வேண்டுமென்றால் பாதியளவுக்கு வந்துவிடும், அந்த அம்மா பெரிதாகக் கேட்டிருக்கிறார். ஃப்ளெக்ஸில் போட்டுக் கொடுத்துவிடலாம், அரைமணியில் கிடைக்கும் என்றார். அவரை நான் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். லேபுக்கு அனுப்ப நேரமில்லை.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. கோடு மிஷினில் ஒரே இடத்தில்தான் விழுகிறது. படத்தைத் தலைகீழாக்கி அனுப்பினால் கடைசி வரிசை தப்பித்துவிடும். ஸ்கிரீனில் திருப்பி வைத்து, கோடு விழும் இடத்தை அளந்து பார்த்தேன். கோடு நேராக நாற்காலி வரிசையில் போனது.

"ஹெட்மாஸ்டர் மூஞ்சில போவுது பாரு" என்றார் வீட்டுக்காரர்.

"தெரியிது."

"ஸ்கூல் ஐடி கார்டு வேலையெல்லாம் அவருதான் நமக்குக் குடுக்கிறாரு."

"அதுவும் தெரியிதுங்க. படம் யாருக்கு? அவருக்கா?"

நான் பட்டனை அழுத்தினேன்.

மறுநாள் சட்டத்தைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, கச்சிராயபாளையம் தாண்டி வளைவு வளைவாக ஏறும்போதெல்லாம் தலைமையாசிரியரிடம் சொல்லவேண்டிய பொய்களை யோசித்துக்கொண்டே போனேன். ஒன்றும் சரிப்படவில்லை.

விழாவில் படத்தைப் பிரித்து மேஜைமேல் நிமிர்த்தி வைத்தார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்த அம்மா பக்கத்தில் வந்து, முகத்தைக் கண்ணாடியில் ஒட்டுகிற மாதிரி வைத்துக்கொண்டு தேடினார். முதலில் கீழ் வரிசையில் தேடினார். பிறகு நாற்காலி வரிசை. பிறகு நடு வரிசை. "மேல பாரும்மா, மேல!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். கண்டுபிடித்துவிட்டார்.

"யம்மா! கடேசில நின்னாலும் எவ்ளோ தெளிவா தெரியிறேன்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். விறகு பிடித்துக் காய்த்த கை. எனக்கு அத்தனை நாள் எரிச்சலும் அந்த ஒரு நிமிஷம் இறங்கிப்போயிற்று. கொஞ்சம் கர்வமும் வந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இன்னாம்மா இது, நாங்க எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியிறோம்?"

யோசித்து வைத்த பொய் எதுவும் வாயில் வரவில்லை. "மிஷின்ல ஒரு பட்டை போயிடுச்சு சார். ஒரு வரிசை கெட்டே தீரும்னு ஆயிடுச்சு. கடைசி வரிசைல இவங்க நிக்கிறாங்க. அதான் உங்க வரிசையக் குடுத்துட்டேன்" என்றேன். வீட்டுக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரிதாம்மா" என்றார். பிறகு, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவர்போலக் கேட்டார்: "ஆமா, அவங்களுக்காக எடுத்த படந்தான இது? அவங்கள யாரு கடேசில நிக்க வெச்சது?"

நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் இன்னும் படத்தில் தன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரத்தில் புதுப் பட்டை வந்தது. பக்கத்துக் கடை அண்ணனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், "வுடு தங்கச்சி" என்றார். பள்ளிக்கென்று புதிதாக ஒரு பிரதி அச்சடித்தேன். ஒரு குறை சொல்ல முடியாது. தலைமையாசிரியருக்கு ஒரே முகம், ஆசிரியர்கள் புடவைக்கரை நூல் நூலாகத் தெரிகிறது, பிள்ளைகள் சட்டைப் பொத்தானை எண்ணலாம். அந்த அம்மா அதிலும் பெஞ்சுமேல்தான் நிற்கிறார், நான் நிற்கச் சொன்ன இடத்தில்.