எங்கள் ஊர்ப் பாடு

இன்று காலை டச்சுக் கல்லறை வாசலில் ஒரு டிவி நிருபர் கேமராவோடு நின்றார். எங்கள் வார்டு மெம்பர் மீதான புகாரை விசாரிக்க வந்தவர்.

பக்கத்து வீட்டு ஏழுமலை அண்ணன்தான் பேசினார்.

ஏரியில் யார் எங்கே வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கிக் கொடுப்போம். அப்படிக் கிடைக்கும் இடத்துக்கு இங்கே பாடு என்று பெயர். அண்ணனுக்குச் சீட்டில் விழுந்த இடத்தில் மெம்பரின் மச்சான் வலை கட்டுகிறான் என்பதுதான் புகார்.

"என் பாட்ட மெம்பரு எடுத்துக்கினாருபா," என்றார் அண்ணன். அதற்கு மேல் பேச முடியாமல் அழுதுவிட்டார்.

"புரியுதுண்ணே," என்றார் நிருபர்.

வெளியூரில் பாடு என்றால் துன்பம் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

சாயங்காலம் செய்தியில் அண்ணன் அழுதார். கீழே எழுத்து ஓடியது: 'என் துன்பத்தைத் தன் துன்பமாக ஏற்றார் மெம்பர். மீனவர் உருக்கம்.'

மெம்பர் அதை ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறார்.

அண்ணன் என் போனில் அதைப் பார்த்தார். "பாடுதான் போச்சுனு இருந்தேன். இப்ப நான் அழுத அழுகையும் அவருக்கே போச்சா?" என்றார்.

திருத்தம் கேட்க நாளை டிவி ஆபீசுக்குப் போகிறோம். தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கத் தெரிந்தவர்கள் யாராவது கூட வருகிறீர்களா?